கொடுத்துவிட்டேன், இனி என்ன செய்வது?

போலிக் குறுஞ்செய்திகளையும் போலி இணையதளங்களையும் அடையாளம் காண்பது பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் கேட்டன: "இதை முன்பே படித்திருக்கக் கூடாதா என்று இருக்கிறது. நான் ஏற்கெனவே விவரங்களைக் கொடுத்துவிட்டேன். இனி என்ன செய்வது?" ஆகவே இந்த இதழின் பக்கங்கள் முழுவதும் அந்தக் கேள்விக்கே. எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: எனக்கு ஒரு பார்சல் வந்திருப்பதாகவும், முகவரி முழுமையாக இல்லாததால் அது திருப்பி அனுப்பப்படும் என்றும் குறுஞ்செய்தி வந்தது. அதிலிருந்த இணைப்பைத் திறந்து பெயர், முகவரி, பிறந்த தேதி, கைப்பேசி எண் எல்லாவற்றையும் நிரப்பினேன். மீண்டும் கொண்டுவந்து தரச் சிறு கட்டணம் என்றதால் அட்டை எண்ணையும், அட்டையின் பின்புறமுள்ள மூன்று இலக்க எண்ணையும், பிறகு வந்த ஓ.டி.பி.யையும் கொடுத்தேன். அரை மணி நேரம் கழித்துத்தான் சந்தேகம் வந்தது. இதுவரை கணக்கிலிருந்து பணம் எதுவும் போகவில்லை. தப்பித்துவிட்டேன் என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: எடுத்துக்கொள்ள வேண்டாம். பணம் போகவில்லை என்றால் இன்னும் நேரம் இருக்கிறது என்றுதான் பொருள். இந்த வரியைப் படித்த கையோடு வங்கியை அழைத்து அட்டையை முடக்கச் சொல்லுங்கள். மீதியைப் பிறகு படித்துக்கொள்ளலாம். அழைக்க வேண்டிய எண்ணை அட்டையின் பின்புறத்திலிருந்தோ வங்கியின் செயலியிலிருந்தோ எடுங்கள். பதற்றத்தில் தேடுபொறியில் தேடி முதலில் வரும் எண்ணை அழைத்துவிடாதீர்கள். வங்கியின் பெயரில் போலி வாடிக்கையாளர் சேவை எண்களை ஏற்றிவைத்துவிட்டு, ஏற்கெனவே ஏமாந்தவர்களின் அழைப்புக்காகவே காத்திருக்கும் கூட்டமும் உண்டு.

வங்கி ஊழியரிடம் அட்டையை முடக்கச் சொல்வதோடு நிறுத்திவிடாமல் இன்னொன்றையும் கேட்க வேண்டும். உங்களுக்கு வந்த ஓ.டி.பி. செய்தியை மறுபடி திறந்து, அது எதற்கான ஒப்புதல் என்று நிதானமாகப் படித்துப் பாருங்கள். சிறு கட்டணத்துக்கானது என்று நினைத்து நாம் கொடுக்கும் எண், பல நேரங்களில் நம் அட்டையை மோசடிக்காரரின் கைப்பேசியில் உள்ள டிஜிட்டல் பணப்பையில் (கைப்பேசியையே அட்டை போலக் காட்டிக் கடையில் பணம் செலுத்தும் வசதி) சேர்ப்பதற்கான அனுமதியாக இருக்கிறது. அப்படிச் சேர்த்தவர்கள் உடனே செலவு செய்வதில்லை. நீங்கள் மறந்து நிம்மதியாகும் வரை சில நாட்களோ சில வாரங்களோ சும்மா வைத்திருந்துவிட்டு, பிறகு ஒரே நாளில் கடை கடையாகத் தேய்த்துத் தீர்ப்பார்கள். உங்கள் கணக்கில் இன்னும் கைவைக்கப்படாததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். ஆகவே, "என் அட்டை எந்தக் கைப்பேசியின் பணப்பையிலாவது சேர்க்கப்பட்டிருக்கிறதா? என் கணக்கில் புதிய சாதனமோ, பணம் பெறுவதற்கான புதிய பயனாளியோ பதிவாகியிருக்கிறதா?" என்று அதே சொற்களில் கேளுங்கள். இருந்தால் நீக்கச் சொல்லுங்கள். புதிய எண்ணுடன் புதிய அட்டை வேண்டும் என்றும் சொல்லுங்கள். அழைத்த நேரம், பேசியவர் தந்த புகார் எண் ஆகியவற்றைக் காகிதத்தில் குறித்துவையுங்கள். பல நாடுகளில், நீங்கள் எவ்வளவு விரைவாகத் தெரிவித்தீர்கள் என்பதைப் பொறுத்தே, இழந்த பணத்தில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பது முடிவாகிறது. அப்போது அந்தக் குறிப்புத்தான் உங்களுக்குச் சாட்சி.

அடுத்த சில வாரங்களுக்குக் கணக்கு அறிக்கையை வரி வரியாகப் பாருங்கள். பெரிய தொகை போவதற்கு முன்னால் மிகச் சிறிய தொகை ஒன்று, நீங்கள் கேள்விப்பட்டிராத ஒரு பெயரில் எடுக்கப்பட்டிருக்கும். அட்டை உயிரோடு இருக்கிறதா என்று சோதித்துப் பார்ப்பது அது. "இவ்வளவு சிறிய தொகைதானே" என்று விட்டுவிடுகிறவர்கள்தான் மறுநாள் பெரிய தொகையை இழக்கிறார்கள்.

இனி மற்ற விவரங்களுக்கு வருவோம். கொடுத்தவை அனைத்தையும் நினைவிலிருந்து ஒரு தாளில் எழுதி, இரண்டாகப் பிரியுங்கள். அட்டை எண், ரகசியப் பின் (PIN) எண், கடவுச்சொல் போன்றவை ஒரு பக்கம். இவற்றை மாற்றிவிட்டால் திருடியவர் கையில் இருப்பது வெறும் குப்பை. பெயர், பிறந்த தேதி, முகவரி, பெற்றோர் பெயர் போன்றவை மறுபக்கம். இவற்றை மாற்ற முடியாது, பல ஆண்டுகளுக்கு அவர்களிடம் பயனுள்ளவையாகவே இருக்கும். முதல் பக்கத்துக்கு இன்றைக்கே வேலை செய்ய வேண்டும். இரண்டாம் பக்கத்துக்கு நீண்ட நாள் காவல் இருக்க வேண்டும். பதற்றப்படுகிறவர்கள் பலர் முதல் பக்கத்தை முடித்துவிட்டு இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள். இன்னும் சிலர், "பிறந்த தேதியே போய்விட்டது, இனி என்ன செய்து என்ன பயன்" என்று மனம் தளர்ந்து முதல் பக்கத்தைக்கூட முடிப்பதில்லை.

மாற்ற முடியாத விவரங்களால் உங்களுக்கு மிக விரைவில் வரப்போகும் ஆபத்து ஒரு தொலைபேசி அழைப்பு. வங்கியின் மோசடித் தடுப்புப் பிரிவிலிருந்து பேசுவதாகச் சொல்வார்கள். உங்கள் பெயர், முகவரி, அட்டையின் கடைசி நான்கு இலக்கங்கள் எல்லாவற்றையும் அவர்களே ஒப்பிப்பார்கள். திரையில் வங்கியின் எண்ணே தெரியும்படி செய்யவும் அவர்களால் முடியும். உங்களிடமிருந்து போன விவரத்தையே உங்களிடம் திருப்பிச் சொல்லி நம்பிக்கையைச் சம்பாதிக்கும் உத்தி இது. யார் அழைத்தாலும் இணைப்பைத் துண்டித்துவிட்டு, அட்டையின் பின்னால் உள்ள எண்ணை நீங்களே போட்டுப் பேசுங்கள். உண்மையான ஊழியராக இருந்தால் வருத்தப்பட மாட்டார்.

கடைசியாக ஒன்று: அந்தக் குறுஞ்செய்தியை வெறுப்பில் அழித்துவிடாதீர்கள். செய்தியையும் இணையதள முகவரியையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்துக்கொண்டு, உங்கள் நாட்டின் இணையக் குற்றப் பிரிவில் புகார் கொடுங்கள்.

கேள்வி: மின்னஞ்சல் நிறுவனம் அனுப்பியது போல வந்த ஒரு பக்கத்தில் என் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டேன். உண்மையில் எல்லாக் கணக்குகளுக்கும் அதே கடவுச்சொல்தான். நாற்பதுக்கும் மேற்பட்ட கணக்குகள் இருக்கும். எங்கிருந்து தொடங்குவது என்றே தெரியவில்லை.

பதில்: மின்னஞ்சலில் இருந்து தொடங்குங்கள். வங்கியை விடவுமா முக்கியம் என்று நினைக்கலாம். மற்ற கணக்குகளில் "கடவுச்சொல் மறந்துவிட்டது" என்று சொன்னால், அதை மாற்றும் இணைப்பு வந்து சேருவது மின்னஞ்சலுக்குத்தான். அது அடுத்தவர் கையில் இருக்கும்போது நீங்கள் மற்ற அனைத்தையும் மாற்றினாலும், அவர் ஒவ்வொன்றாகத் திரும்ப மாற்றிக்கொண்டே வருவார். மின்னஞ்சலை மீட்ட பிறகு வங்கி, பணப் பரிமாற்றச் செயலிகள், அதற்கடுத்துக் கைப்பேசி நிறுவனக் கணக்கு, பிறகு சமூக ஊடகங்கள், பொருள் வாங்கும் தளங்கள் என்று போகலாம். என்றோ ஒருமுறை பதிவு செய்த சில்லறைத் தளங்களை வார இறுதியில் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் விட்டுவிடக் கூடாது.

கடவுச்சொல்லை மாற்றியதும் வேலை முடிந்துவிட்டதாகப் பலர் எண்ணுகிறார்கள். எனக்கு நெருங்கிய ஒருவர் அப்படித்தான் எண்ணினார். மாற்றி மூன்று வாரம் ஆன பிறகும் அவருடைய ரகசியங்கள் எப்படியோ வெளியே போய்க்கொண்டிருந்தன. அவருடன் உட்கார்ந்து மின்னஞ்சல் கணக்கின் அமைப்புகளைத் திறந்து பார்த்தேன். வடிகட்டிகள் என்ற பகுதியில் ஒரே ஒரு விதி இருந்தது. "வங்கி", "ரசீது", "கடவுச்சொல்" ஆகிய சொற்களில் எது இருக்கும் கடிதமானாலும், அதன் நகலை வேறொரு முகவரிக்கு அனுப்பிவிட்டு, அசலைப் படித்ததாகக் குறியிட்டு நேராகக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட வேண்டும் என்பது அந்த விதி. வங்கி அனுப்பிய எச்சரிக்கைகள் எல்லாம் குப்பைத்தொட்டியில் வரிசையாகக் கிடந்தன. அவர் ஒன்றைக்கூடப் பார்த்திருக்கவில்லை. திருடியவர் உள்ளே இருந்த சில நிமிடங்களில் எழுதிவைத்துவிட்டுப் போன விதி அது. கடவுச்சொல் மாறினாலும் விதி தானாக அழிவதில்லை.

ஆகவே, மின்னஞ்சலில் பார்க்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். நம்பகமான வேறொரு கருவியில் இருந்து கடவுச்சொல்லை மாற்றுங்கள். பிறகு, "எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு" என்ற வசதியைப் பயன்படுத்துங்கள். ஏற்கெனவே உள்ளே நுழைந்தவர் கடவுச்சொல் மாறிய பிறகும் உள்ளேயே உட்கார்ந்திருக்க வாய்ப்புண்டு. கணக்கை மீட்பதற்கென்று கொடுத்திருக்கும் கைப்பேசி எண்ணும் மாற்று மின்னஞ்சலும் உங்களுடையவைதானா என்று எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். ஒரே ஓர் எழுத்து மாறிய முகவரியைச் சேர்த்துவிட்டுப் போவது வழக்கம். கடிதங்களை வேறிடத்துக்கு அனுப்பும் விதிகள், வடிகட்டிகள், உங்கள் கணக்கோடு இணைக்கப்பட்டிருக்கும் வெளிச்செயலிகள் ஆகிய மூன்றையும் திறந்து பார்த்து, தெரியாதவற்றை நீக்குங்கள்.

பிறகு, கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றையும் கேட்கும் இருபடிச் சரிபார்ப்பை இயக்குங்கள். குறுஞ்செய்தியில் வரும் எண்ணைவிட, 30 வினாடிக்கு ஒருமுறை புதிய எண்ணைக் காட்டும் செயலி மேலானது. அந்த எண் உங்கள் கருவிக்குள்ளேயே உருவாவதால் சிம் கார்டைக் கைப்பற்றியவருக்கு அது கிடைக்காது. ஆனால் அந்த எண்ணையும் போலிப் பக்கத்தில் நாமே தட்டச்சு செய்து கொடுத்துவிட்டால் பயனில்லை. அந்த ஓட்டையையும் அடைப்பவை கடவுச்சொல்லுக்குப் பதிலாகக் கருவியின் கைரேகை, முகம் அல்லது திரைப்பூட்டைக் கொண்டு நுழைய வைக்கும் பாஸ்கீ எனப்படும் கடவுத்திறவியும், யு.எஸ்.பி. வடிவப் பாதுகாப்புச் சாவியும். இவை உண்மையான தளத்தின் முகவரியோடு பிணைக்கப்பட்டிருப்பதால், போலித் தளத்தில் வேலையே செய்யாது. 2017ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இருந்து ஊழியர்களுக்கு இத்தகைய சாவியைக் கட்டாயமாக்கிய கூகுள், அதன் பிறகு 85,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களில் ஒருவருடைய பணிக் கணக்குகூட இப்படி ஏமாற்றிப் பறிக்கப்பட்டதாகத் தெரியவரவில்லை என்று 2018இல் தெரிவித்தது.

நாற்பது புதிய கடவுச்சொற்களை நினைவில் வைத்திருக்க முடியாதுதான். கடவுச்சொற்களைப் பூட்டிவைத்து, உரிய தளத்தில் தானாக நிரப்பித் தரும் கடவுச்சொல் மேலாளர் செயலி ஒன்றை அமர்த்திக்கொள்ளுங்கள். குறிப்பேட்டில் எழுதி வீட்டில் பூட்டிவைப்பதும் தவறில்லை. கதவை உடைத்து வரும் திருடனும் கணினி வழியே வரும் திருடனும் பெரும்பாலும் வேறு வேறு ஆட்கள். ஒரே கடவுச்சொல்லை எல்லா இடத்திலும் வைப்பதைக் காட்டிலும் குறிப்பேடு எவ்வளவோ பாதுகாப்பானது.

கேள்வி: இணைப்பைத் திறந்தேன். எதையும் நிரப்பாமல் மூடிவிட்டேன். உலவியின் முகவரிப் பட்டையில் பூட்டுக் குறிகூட இருந்தது. எனக்கும் ஆபத்தா?

பதில்: விவரம் எதுவும் கொடுக்கவில்லை, எந்தக் கோப்பும் இறங்கவில்லை, எந்த அனுமதியும் அளிக்கவில்லை என்றால் பெரிதாக அஞ்ச வேண்டியதில்லை. பதிவிறக்கங்களை ஒருமுறை பார்த்துவிட்டு, கைப்பேசிக்கும் உலவிக்கும் வந்திருக்கும் புதுப்பிப்புகளை நிறுவிவிடுங்கள். இணைப்பைத் திறந்ததால் உங்கள் எண் பயன்பாட்டில் இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும். இன்னும் சில செய்திகள் வரலாம். பூட்டுக் குறி, உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் இடையே போகும் தகவலை நடுவில் யாரும் படிக்க முடியாது என்பதை மட்டுமே சொல்கிறது. அந்தத் தளத்தை நடத்துகிறவர் யோக்கியரா என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. மக்கள் இதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதாலேயே 2023ஆம் ஆண்டில் குரோம் உலவி அந்தக் குறியைக் கைவிட்டது.

கேள்வி: வீட்டிலிருந்தே வேலை என்ற விளம்பரத்தை நம்பி அடையாள அட்டையின் இருபுறப் படங்களையும், கையெழுத்தையும், முகத்தை இடமும் வலமும் திருப்பி எடுத்த சிறு காணொளியையும் அனுப்பிவிட்டேன். பிறகு அந்த எண் அணைந்துவிட்டது. பணம் எதுவும் கேட்கவில்லையே, பின் எதற்காக இவற்றை வாங்கினார்கள்?

பதில்: அவர்களுக்கு வேண்டியது உங்கள் பணமாக இருந்திருக்காது, நீங்களாக இருக்கலாம். நீங்கள் அனுப்பிய மூன்றையும் வைத்து உங்கள் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்கலாம், கடன் செயலியில் கடன் பெறலாம், சிம் கார்டு வாங்கலாம். நேரில் வராமலே அடையாளத்தைச் சரிபார்க்கும் நிறுவனங்கள் கேட்பவை அட்டைப் படமும் முகக் காணொளியும்தான். இடமும் வலமும் திரும்பச் சொன்னதற்குக் காரணம் அதுவே. அப்படித் தொடங்கிய கணக்கில் வேறு யாரிடமோ ஏமாற்றிப் பறித்த பணம் வந்து போகும். விசாரணை வரும்போது கதவைத் தட்டுவது உங்கள் வீட்டில்.

கடிதங்களிலேயே என்னை மிகவும் கவலைப்பட வைத்தது உங்களுடையதுதான். முகத்தை மாற்றிக்கொள்ள முடியாது. 2015ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் பணியாளர் நிர்வாக அலுவலகத்திலிருந்து திருடுபோன விவரங்களில் 56 லட்சம் பேரின் கைரேகைகளும் இருந்தன. அவர்களில் யாராலும் புதிய விரல்களைப் பெற்றுக்கொள்ள முடியவில்லை. இத்தகைய நிலையில் செய்யக்கூடியது, "இந்தத் தேதியில் என் ஆவணங்கள் என்னிடமிருந்து ஏமாற்றிப் பெறப்பட்டன" என்பதற்கு அசைக்க முடியாத சான்றை உருவாக்கிக்கொள்வது. அதற்காகத்தான் காவல்துறைப் புகார். பணம் போகவில்லையே என்று புகாரை வாங்கத் தயங்கினால், எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ரசீதையாவது கேட்டு வாங்குங்கள். நாளை உங்கள் பெயரில் ஒரு கடன் முளைத்தால், அது முளைப்பதற்கு முந்தைய தேதியிட்ட அந்தத் தாள் பேசும்.

அடையாள அட்டையை வழங்கிய துறைக்கும் தெரிவியுங்கள். சில நாடுகளில் அட்டை எண்ணைத் தற்காலிகமாகப் பூட்டிவைக்கலாம். சில நாடுகளில் பழையதை ரத்து செய்துவிட்டுப் புதியது தருவார்கள். கடன் வரலாற்றைப் பேணும் நிறுவனங்கள் உங்கள் நாட்டில் இருந்தால், உங்கள் பெயரில் புதிய கடன் வழங்குவதை முடக்கிவைக்கும் வசதியோ, எச்சரிக்கைக் குறிப்புச் சேர்க்கும் வசதியோ உண்டா என்று கேட்டுப் பாருங்கள். முடக்கம் கிடைக்குமானால் அதையே தேர்ந்தெடுங்கள். உங்களுக்குக் கடன் தேவைப்படும்போது நீங்களே விலக்கிக்கொள்ளலாம். முதல் ஆறு மாதங்களில் அடிக்கடியும், அதன் பிறகு ஆண்டுக்கு இரண்டு மூன்று முறையும் கடன் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். நீங்கள் விண்ணப்பிக்காத கடனுக்கான விசாரணை அதில் பதிவாகியிருந்தால், கடன் வழங்கப்படுவதற்கு முன்பே தடுத்துவிட முடியும். உங்கள் பெயரில் எத்தனை சிம் கார்டுகள் இருக்கின்றன என்பதை அறியும் வசதி இருந்தால் அதையும் பயன்படுத்துங்கள்.

உங்கள் கணக்குக்கு யாரோ ஒருவரிடமிருந்து பணம் வந்து, "தவறுதலாக அனுப்பிவிட்டோம், இந்த எண்ணுக்குத் திருப்பி அனுப்புங்கள்" என்று செய்தி வந்தால் எதையும் அனுப்பாமல் வங்கியிடம் சொல்லுங்கள். இனி எங்காவது அட்டையின் நகலைக் கொடுக்க நேர்ந்தால், யாருக்கு, எதற்காக, எந்தத் தேதியில் கொடுத்தீர்கள் என்பதைப் படத்தின் குறுக்கே எழுதிக் கொடுங்கள். அப்படிக் குறுக்கே எழுதப்பட்ட நகலை வேறு காரியத்துக்குப் பயன்படுத்துவது கடினம்.

கேள்வி: வங்கி அதிகாரி என்று பேசியவர் சொன்னபடி கைப்பேசியில் ஒரு செயலியை நிறுவினேன். என் திரையை அவர் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் புரிந்தது. செயலியை நீக்கிவிட்டேன். போதுமா?

பதில்: போதாது. அவர் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் திரையில் வந்த அனைத்தும், குறுஞ்செய்திகள் உட்பட, அவருக்குத் தெரிந்துவிட்டன. அந்த இடைவெளியில் இன்னொரு செயலியைச் சத்தமில்லாமல் நிறுவியிருக்கவும் வாய்ப்புண்டு. கைப்பேசியை விமானப் பயன்முறைக்கு மாற்றி, வைஃபையையும் அணைத்துவிடுங்கள். தகவல் வெளியே போகும் வழி முதலில் அடைபட வேண்டும். வங்கியை வேறு ஒருவரின் கைப்பேசியிலிருந்து அழையுங்கள். கடவுச்சொற்களையும் வேறு கருவியிலிருந்தே மாற்றுங்கள். பாதிக்கப்பட்ட கைப்பேசியில் மாற்றினால் புதிய கடவுச்சொல்லையும் சேர்த்தே கொடுத்ததாகிவிடும்.

அதன் பிறகு படங்களையும் தொடர்பு எண்களையும் மட்டும் பத்திரப்படுத்திக்கொண்டு ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள், அதாவது எல்லாவற்றையும் அழித்து, வாங்கிய புதிதில் இருந்த நிலைக்குக் கைப்பேசியைக் கொண்டுபோங்கள். பழைய செயலிகளை மொத்தமாக மீட்டெடுக்காமல், தேவையானவற்றை அதிகாரப்பூர்வச் செயலிக் கடையிலிருந்து ஒவ்வொன்றாக நிறுவுங்கள். ரீசெட் செய்யத் தயங்கி, "திரையைப் படிக்கவும் கைப்பேசியைக் கட்டுப்படுத்தவும் செயலிகளுக்கு வழிவிடும் அணுகல்தன்மை அனுமதி, சாதன நிர்வாகி அனுமதி இரண்டையும் பார்த்து நீக்கினால் போதாதா" என்று கேட்பவர்கள் உண்டு. வங்கிச் செயலி இருக்கும் கைப்பேசி என்றால் என் பதில், போதாது என்பதே. அரை நாள் சிரமம்தான். அதைப் படுவதே நல்லது.

உங்களுக்கு வரும் அழைப்புகள் வேறு எண்ணுக்குத் திருப்பப்பட்டிருக்கின்றனவா என்பதையும் பாருங்கள். பெரும்பாலான ஜி.எஸ்.எம். இணைப்புகளில் *#21# என்று அழைத்தால் நிலவரம் தெரியும். ##002# என்று அழைத்தால் எல்லாத் திருப்பங்களும் ரத்தாகும். யாரோ சொன்னார்கள் என்று நட்சத்திரக் குறியில் தொடங்கும் எண் எதையாவது அழைத்திருந்தால் இதைத் தவறாமல் செய்யுங்கள், ஏனெனில் ஓ.டி.பி. தொலைபேசி அழைப்பாகவும் வரும்.

இன்னொரு அடையாளத்தையும் நினைவில் வையுங்கள். கையில் இருக்கும் கைப்பேசியில் சிக்னல் கோடுகள் திடீரென்று மறைந்து, "சேவை இல்லை" என்று காட்டி, பக்கத்தில் இருப்பவரின் அதே நிறுவன இணைப்பு மட்டும் நன்றாக இருந்தால், உங்கள் எண்ணுக்கு வேறு யாரோ புதிய சிம் வாங்கியிருக்கக்கூடும். உடனே கைப்பேசி நிறுவனத்தையும் வங்கியையும் அழையுங்கள். ட்விட்டரின் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்த ஜாக் டார்சியின் ட்விட்டர் கணக்கே 2019 ஆகஸ்டில் அவருடைய கைப்பேசி எண்ணைக் கைப்பற்றியவர்களிடம் சிறிது நேரம் சிக்கியது. உங்கள் அனுமதியில்லாமல் எண்ணை மாற்றித் தரக் கூடாது என்று நிறுவனத்திடம் தனிப் பின் எண் வைக்கும் வசதி இருந்தால் வைத்துவிடுங்கள்.

கேள்வி: தோழியின் எண்ணிலிருந்து கேட்கிறார்களே என்று எனக்கு வந்த ஆறு இலக்க வாட்ஸ்அப் எண்ணை அனுப்பிவிட்டேன். இப்போது என் வாட்ஸ்அப் திறக்கவில்லை. என் பெயரில் எல்லாரிடமும் பணம் கேட்கிறார்கள்.

பதில்: உங்கள் கைப்பேசியில் வாட்ஸ்அப்பை மீண்டும் நிறுவி, உங்கள் எண்ணையே கொடுத்துப் பதிவு செய்யுங்கள். குறுஞ்செய்தியில் வரும் புதிய ஆறு இலக்க எண்ணை உள்ளிட்டவுடன் அந்த ஆள் வெளியே தள்ளப்படுவார். அதற்குள் அவர் இருபடிச் சரிபார்ப்புக்கான பின் எண்ணை வைத்திருந்தால், உங்களாலும் உடனே நுழைய முடியாது. 7 நாட்கள் காத்திருக்க நேரும். அந்த நாட்களில் அவராலும் அதைப் பயன்படுத்த முடியாது என்பதால் கலங்க வேண்டாம். உள்ளே நுழைந்ததும் இணைக்கப்பட்ட சாதனங்கள் பகுதியைப் பார்த்து, தெரியாதவற்றை நீக்கிவிட்டு, உங்களுக்கென்று பின் எண் வைத்துக்கொள்ளுங்கள். இதற்கிடையில் நெருங்கியவர்களுக்குத் தொலைபேசியில் பேசிச் சொல்லுங்கள். உங்கள் குரலைக் கேட்டால்தான் நம்புவார்கள். அந்தத் தோழியின் கணக்கும் இதே வழியில்தான் பறிபோயிருக்கும், அவரிடமும் சொல்லுங்கள்.

கேள்வி: இழந்த பணத்தை மீட்டுத் தருவதாக ஒரு நிறுவனம் அழைக்கிறது. என் புகார் விவரம்கூட அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. முன்பணம் கேட்கிறார்கள்.

பதில்: கொடுக்காதீர்கள். ஒருமுறை ஏமாந்தவர்களின் பெயர்ப் பட்டியல் மோசடிக்காரர்களிடையே விலைக்குக் கைமாறுகிறது. பல நேரங்களில் முதலில் ஏமாற்றியவர்களே வேறு பெயரில் திரும்ப வருகிறார்கள். அதனால்தான் உங்கள் இழப்பு அவர்களுக்கு அவ்வளவு துல்லியமாகத் தெரிகிறது. வழக்கறிஞர், அரசு அதிகாரி, கணினி நிபுணர் என்று எந்த வேடத்தில் வந்தாலும், பணத்தை மீட்கப் பணம் கேட்பவர் எவராயினும் மறுத்துவிடுங்கள். உங்கள் வங்கியோ காவல்துறையோ அதற்காக முன்பணம் கேட்பதில்லை. இந்த அழைப்பையும் உங்கள் பழைய புகாரோடு சேர்த்துப் பதிவு செய்யுங்கள்.

கேள்வி: என் அப்பா ஏதோ ஒரு தளத்தில் வங்கி விவரங்களைக் கொடுத்திருக்கிறார் என்று சந்தேகப்படுகிறேன். கேட்டால் கோபப்படுகிறார், பேச்சை மாற்றுகிறார். வாழ்நாள் முழுவதும் கணக்கு வழக்கில் பிசகாதவர் அவர். எப்படிப் பேசுவது?

பதில்: அந்தக் கோபத்துக்குள் இருப்பது வெட்கம். எந்தத் தளம், என்ன விவரம் என்பதைத் தெரிந்துகொள்வதற்கு முன் அதைத் தணிக்க வேண்டும், ஏனென்றால் வெட்கத்தால் மறைக்கப்படும் ஒவ்வொரு மணி நேரமும் எதிராளிக்குக் கிடைக்கும் அவகாசம். "இதைக்கூடப் பார்க்கவில்லையா", "நான்தான் அப்போதே சொன்னேனே" என்ற இரண்டையும் இந்த வாரம் வீட்டில் யாரும் சொல்லக் கூடாது என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

அவரிடம் ட்ராய் ஹன்ட் என்பவரைப் பற்றிச் சொல்லுங்கள். தங்கள் விவரம் எங்காவது கசிந்திருக்கிறதா என்று மக்கள் தாங்களே பார்த்துக்கொள்வதற்காக, "ஹேவ் ஐ பீன் போன்ட்" என்ற சேவையை 2013ஆம் ஆண்டில் தொடங்கிய ஆஸ்திரேலியப் பாதுகாப்பு நிபுணர் அவர். 2025 மார்ச்சில், நெடுந்தொலைவு விமானப் பயணக் களைப்பில் இருந்தபோது, தன் வலைப்பூ வாசகர்களுக்கு மடல் அனுப்ப அவர் வைத்திருந்த மடல் பட்டியல் கணக்கில் மடல் அனுப்புவது கட்டுப்படுத்தப்பட்டிருப்பதாக ஒரு மின்னஞ்சல் வந்தது. போலிப் பக்கத்தில் கடவுச்சொல்லையும் அதற்குப் பின் கேட்ட ஒருமுறை எண்ணையும் அவரே கொடுத்துவிட்டார். அவருடைய கடவுச்சொல் மேலாளர் அந்தப் பக்கத்தில் கடவுச்சொல்லைத் தானாக நிரப்பவில்லை. அது முகவரி தவறு என்பதற்கான அறிகுறி என்பதையும் களைப்பில் அவர் கவனிக்கவில்லை. உடனே உண்மையான தளத்துக்குப் போய்க் கடவுச்சொல்லை மாற்றினார். அதற்குள் ஏறக்குறைய 16,000 பேரின் மின்னஞ்சல் முகவரிகள் போய்விட்டன. அன்றைக்கே நடந்ததை நடந்தபடி எழுதி வெளியிட்டார். தன் பட்டியல் கசிந்ததைத் தன் சேவையிலேயே பதிவும் செய்தார். வாழ்நாளெல்லாம் இதையே தொழிலாகக் கொண்டவருக்கு ஒரு களைப்பான நேரம் போதுமாக இருந்தது.

இதைச் சொல்லிவிட்டு, "எனக்கும் ஒரு செய்தி வந்தது அப்பா, நம் எல்லார் கணக்கையும் ஒருமுறை பார்த்துவிடலாமா?" என்று உங்கள் கைப்பேசியிலிருந்தே தொடங்குங்கள். அவர் பேசத் தொடங்கினால் நடுவில் குறுக்கிடாமல், கொடுத்தவை என்னென்ன என்பதை மட்டும் தாளில் எழுதுங்கள். கைப்பேசியைப் பிடுங்கி நீங்களே எல்லாவற்றையும் செய்துவிடாதீர்கள். வாழ்நாள் முழுவதும் கணக்கைத் தானே பார்த்தவர் அவர். வங்கியோடு பேச வேண்டியவரும் அவரே. அட்டையைத் திருப்பி எண்ணை நீங்கள் படித்துச் சொல்லுங்கள், அவர் அழைக்கட்டும்.